உயர்த்தும் முன், உட்கார்ந்ததை எழுப்புங்கள்!

ஜீப், பொலிரோ, ஜிப்சி… இரண்டு அங்குலம் தூக்க எந்த வழி மலிவு, எங்கே சிக்கல்? ஆர்.கே.பேட்டைப் பாதைகளை முன்வைத்து ஒரு பட்டறைக் கணக்கு

“வண்டி இன்னும் ரெண்டு அங்குலம் உசரமா இருந்தா நல்லா இருக்கும்.” பழைய ஜீப் வைத்திருப்பவர் எவரும் என்றாவது ஒரு நாள் சொல்லும் பேச்சு இது. ஆர்.கே.பேட்டைப் பக்கம் அதைச் சொல்ல நியாயமான காரணமும் இருக்கிறது.

திருத்தணிக்கு மேற்கே, சோளிங்கரை ஒட்டி, விசைத்தறிச் சத்தம் ஓயாத ஊர் ஆர்.கே.பேட்டை. முழுப்பெயர் ராமகிருஷ்ணராஜுபேட்டை. ஒரு காலத்தில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தோடு இருந்த திருத்தணி வட்டாரம், வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறியதே தவிர, பாதைகள் மாறவில்லை. ஆந்திரப் பக்கத்து உறவுக்காரர் வீட்டுக்கும் மாந்தோப்புக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் போகிற வண்டித்தடங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. கரும்பு ஏற்றிய டிராக்டர் போய்ப்போய் இரண்டு பக்கமும் குழி விழுந்து, நடுவில் மண்மேடு முதுகு போல நிற்கும். மழைக்காலத்தில் ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் அணையிலிருந்து தண்ணீர் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வரும். பள்ளிப்பட்டு பக்கத்துத் தரைப்பாலங்கள் முழுகும். தண்ணீர் வடிந்த பிறகு பாலத்தின் இரு முனையிலும் மண் அரித்து, படி வைத்தாற்போல் பள்ளம் நிற்கும்.

இப்படிப்பட்ட தடத்தில் வண்டியின் அடிவயிறு ஒருமுறை ‘கர்ர்’ என்று உரசினால் போதும், ‘லிஃப்ட் கிட்’ ஆசை வந்துவிடும். செல்போனைத் திறந்தால் ஆஸ்திரேலிய கிட்டுகளின் படங்கள் வந்து நிற்கும். விலையைப் பார்த்தால் தலை சுற்றும். சில கிட்டுகளின் விலை, பழைய ஜீப்பின் சந்தை விலையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

அவ்வளவு செலவு தேவையில்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்ல வருகிறது. பெரும்பாலான பழைய வண்டிகளுக்கு வேண்டியது புதிய உயரம் கிடையாது. கம்பெனி கொடுத்து, காலப்போக்கில் தொலைந்துபோன உயரம்தான். அதை மீட்பது மலிவு, பத்திரம், சட்டச் சிக்கலும் இல்லை. அதற்கு மேலும் வேண்டுமென்றால் ஒன்றரை, இரண்டு அங்குலம்வரை கைக்கடக்கமாகப் போகலாம். அதைத் தாண்டினால் ஒவ்வொரு அங்குலமும் தனித்தனியாக பில் போடும்.

எது தட்டுகிறது?

பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி: பள்ளத்தில் தட்டுவது எது?

முன் பம்பரா, பின் கொக்கியா, நடுவயிறா, இல்லை பின் ஆக்சிலின் நடுவில் தொங்கும் குண்டான டிஃபரன்ஷியலா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. டிராக்டர் தடத்தின் நடுமேட்டில் பெரும்பாலும் உரசுவது டிஃபரன்ஷியல். சஸ்பென்ஷனை எவ்வளவு தூக்கினாலும் அது ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. காரணம் எளிது. டிஃபரன்ஷியல் ஆக்சிலில் இருக்கிறது. ஆக்சில் சக்கரத்தில் இருக்கிறது. சக்கரம் தரையில் இருக்கிறது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் அதற்கு மேலே இருக்கும் சேசிஸும் பாடியும்தான் எழும்பும்.

டிஃபரன்ஷியலை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அதிலும் பாதிதான் கைக்கு வரும். பொலிரோவுக்கு வழக்கமாக வரும் 215/75 ஆர் 15 டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 703 மி.மீ. அதற்குப் பதில் 235/75 ஆர் 15 போட்டால் 733 மி.மீ. வித்தியாசம் 30, ஆக்சில் எழும்புவது 15 மட்டுமே. அந்த 15 மி.மீட்டருக்காக, வளைவில் திருப்பும்போது டயர் எதிலாவது உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 62, 63-ல் போய்க்கொண்டிருக்கும். எஞ்சின் இழுவையும் கொஞ்சம் குறையும்.

நடுவயிறு தட்டினால் மட்டும் சஸ்பென்ஷன் உயரம் நேராக உதவும். இரண்டு ஆக்சிலுக்கும் இடையே சுமார் 2.4 மீட்டர் உள்ள வண்டியை 50 மி.மீ. தூக்கினால், மேட்டைத் தாண்டும் கோணம் உத்தேசமாக 4, 5 டிகிரி கூடும். வரப்பு ஏறி இறங்குகிறவருக்கு அந்தக் கூடுதல் கோணம் பெரிய விஷயம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். கொசஸ்தலை மணலில் சக்கரம் புதைந்து நிற்கிற வண்டிக்கு உயரம் உதவாது, பிடிமானம்தான் உதவும். டயர் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் டயர் அகன்று மணலில் மிதந்து வரும். இதற்குக் காலணா செலவில்லை. சாலைக்கு ஏறியதும் மறுபடி காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸர் மட்டும் வண்டியில் இருக்க வேண்டும்.

நான்கு மூலையும் ஒரு டேப்பும்

வண்டி உட்கார்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. சமதளத்தில் நிறுத்துங்கள். நான்கு டயருக்கும் சரியான காற்று. உள்ளே ஆள் இல்லை, மூட்டை இல்லை. சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்புவரை டேப் வைத்து அளந்து, நான்கு மூலையின் கணக்கையும் எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்கக் கூடாது. டயர் தேய்மானம் கணக்கைக் குழப்பிவிடும்.

இடது வலது அளவு ஒன்றாக இருக்காது. பழைய ஜீப்புகளில் டிரைவர் பக்கம் பெரும்பாலும் இறங்கியிருக்கும். வருடக்கணக்கில் ஒரே ஆள் ஒரே பக்கம் உட்கார்ந்ததன் விளைவு. பிறகு பக்கவாட்டில் குனிந்து ஸ்பிரிங் பட்டையைப் பாருங்கள். நல்ல பட்டை, சுமை இல்லாதபோது வில்போல வளைந்திருக்கும். உட்கார்ந்த பட்டை ஸ்கேல் வைத்ததுபோல நேராக இருக்கும். சிலவற்றில் வளைவு மறுபக்கமே திரும்பியிருக்கும். அப்படி இருந்தால் உங்கள் வண்டிக்கு லிஃப்ட் கிட் வேண்டாம். ஸ்பிரிங் பட்டறைதான் வேண்டும்.

ஏன் பட்டை? குதிரை வண்டிகளுக்காக லண்டனில் ஒபதையா எலியட் என்பவர் 1804-ல் வில்லடுக்குக்குக் காப்புரிமை வாங்கியதிலிருந்து, கரடுமுரடான பாதைக்கு இதைவிட எளிய ஏற்பாடு வந்ததில்லை. வண்டியின் பாரத்தையும் தாங்கும், ஆக்சிலையும் இடத்தில் பிடித்து வைக்கும். தனியாக வேறு கம்பிகள் வேண்டாம். 1941-ன் வில்லிஸ் ஜீப்பில் அதுதான் இருந்தது. சுதந்திரத்தை ஒட்டி மஹிந்திரா இங்கே பூட்டத் தொடங்கிய ஜீப்புகளிலும் அதுதான். 1985-ல் வந்து 2019-ல் விடைபெற்ற மாருதி ஜிப்சிக்கு நான்கு சக்கரத்துக்கும் பட்டை. பொலிரோவுக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் பட்டை. ஆகவே நம் ஊர்ப் பாதைகளில் ஓடும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றின் உயரம், ஏதோ ஒரு முனையில், பட்டையின் கையில்தான் இருக்கிறது.

பட்டறையில் நடப்பது என்ன?

நெடுஞ்சாலை ஓரத்து ஸ்பிரிங் பட்டறைகளின் பிழைப்பு லாரிகளை நம்பியது. ஜீப் வேலை அவர்களுக்குச் சின்ன வேலை. யு போல்ட்டைக் கழற்றி, பட்டைக்கட்டை இறக்கி, சென்டர் போல்ட்டைத் தட்டி எடுத்தால் கட்டு பிரிந்து தனித்தனிப் பட்டையாகக் கிடக்கும். வண்டிக்காரர் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஒவ்வொரு பட்டையின் முனையும் தனக்கு மேலே இருக்கும் பட்டையை உரசிப் பள்ளம் பறித்திருக்கும். நடுவில் துருத்தூள் செதில்செதிலாக உதிரும். சென்டர் போல்ட்டின் கழுத்து தேய்ந்து மெலிந்திருக்கும். அது அறுந்தால் ஆக்சில் இடம் நகர்ந்து வண்டி நண்டுபோல ஒருபக்கமாகப் போகும்.

துருவைச் சுரண்டி, விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்த்த பிறகு கேம்பர் அடிப்பார்கள், அதாவது போன வளைவை மீட்பார்கள். நல்ல பக்கத்துப் பட்டையைத் தரையில் வைத்து அதன் வளைவைச் சாக்பீஸால் வரைந்துகொள்வது பழைய பழக்கம். பிறகு உட்கார்ந்த பட்டையைப் பட்டடை மேல் வைத்து, சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வரிசையாக, இடைவெளி மாறாமல் அடித்துக்கொண்டே போவார்கள். நடுநடுவே தரையிலுள்ள கோட்டின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். கோட்டோடு பொருந்தியதும் அடுத்த பட்டை. கை தேர்ந்தவர் அடித்த பட்டையில் அடித்த தடம் சீராக இருக்கும். அரைகுறை ஆள் அடித்ததில் ஒரே இடத்தில் மடிப்பு விழுந்திருக்கும். அந்த மடிப்பில்தான் பின்னாளில் பட்டை முறியும்.

இங்கே ஒரு விதி முக்கியம். கேஸ் கட்டிங் டார்ச்சால் சூடு காட்டி வளைக்க விடாதீர்கள். ஸ்பிரிங் எஃகைச் சுமார் 850 டிகிரி செல்சியசுக்குமேல் சூடாக்கி, எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி 400–500 டிகிரியில் பதம் வைத்துத்தான் ஆலையில் அதற்கு அந்த வில்தன்மையைக் கொடுக்கிறார்கள். டார்ச் பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். அன்றைக்கு வளைவு அழகாக வரும். சில மாதத்தில் மறுபடி உட்காரும், அல்லது முறியும். பட்டையில் வெல்டிங் வைப்பது அதைவிட மோசம்.

குளிர்ந்த நிலையில் கேம்பர் அடித்ததும் சாசுவதம் கிடையாது. நன்றாக ஓடிய பட்டை, சுமையைப் பொறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி இறங்கத்தான் செய்யும். மெயின் பட்டை களைத்துப்போயிருந்தால் அதை மட்டும் புதிதாக மாற்றி, மற்றவற்றுக்குக் கேம்பர் அடிப்பது நல்ல சமரசம். முழுக் கட்டும் போய்விட்டதென்றால் புதிய கட்டே வாங்குங்கள். ஹரியானாவின் யமுனா நகரில் தொடங்கி இந்தியாவின் பெரிய பட்டை உற்பத்தியாளராக வளர்ந்த ஜம்னா ஆட்டோ போன்ற கம்பெனிகளின் சரக்கு, சென்னை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கிறது. புதுக் கட்டாகவே வாங்கினாலும் இறக்குமதி கிட் விலையோடு ஒப்பிட்டால் அது சொற்பம்.

கூடவே இரண்டு சில்லறைச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்: ஷேக்கிள் (பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் தொங்கு பிடி) புஷ், யு போல்ட். ரப்பர் புஷ் நசுங்கியிருந்தால் புதுப் பட்டையும் ‘டக் டக்’ என்று சத்தம் போடும். யு போல்ட் ஒருமுறை இறுக்கியபோதே இழுபட்டு நீண்டுவிடும். கழற்றியதைத் திரும்பப் போடக் கூடாது. வேலை முடிந்து சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்து மறுபடி டேப் பிடித்துப் பாருங்கள். உட்கார்ந்த வண்டி ஓர் அங்குலமோ அதற்கு மேலோ எழுந்திருக்கும். பலருக்கு ஆசை இங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால்…

கம்பெனி உயரத்துக்கு மேலே போக நான்கைந்து மலிவான வழிகள் உண்டு. எல்லாம் ஒரே ரகம் கிடையாது.

ஒரு பட்டை கூட்டுவது: கட்டின் நடுவே அதிக வளைவுள்ள ஒரு பட்டையைச் செருகுவது. தோட்டத்துக்கு உரமூட்டை, பம்ப்செட் என்று எப்போதும் சுமை ஏற்றுகிற வண்டிக்கு ஏற்றது. ஆனால் ஐந்து பட்டைக் கட்டில் அதே கனத்தில் ஒன்று கூடினால் விறைப்பு சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடும். வெறும் வண்டியாக ஓட்டுகிறவரின் இடுப்பு அதைச் சொல்லும். பட்டையின் கனம் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும் என்பதால், லாரிப் பட்டையில் ஒன்றை வெட்டிச் செருகினால் ஜீப் ஜீப்பாக இருக்காது, கட்டைவண்டியாகிவிடும்.

நீள ஷேக்கிள்: எல்லாவற்றிலும் மலிவு, ஆகவே எல்லோரும் முதலில் கைவைப்பது. ஆக்சில் பட்டையின் நடுவில் இருப்பதால், ஷேக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி 1 அங்குலம்தான் உயரும். அதோடு நிற்காமல் ஆக்சிலையும் சாய்த்துவிடும். கண்ணுக்குக் கண் ஒரு மீட்டர் நீளமுள்ள பட்டையின் ஒரு முனை 50 மி.மீ. இறங்கினால் அது ஏறத்தாழ 3 டிகிரி சாயும். முன்பக்கம் ஷேக்கிள் உள்ள ஜிப்சி போன்ற வண்டிகளில் இந்தச் சாய்வு காஸ்டர் கோணத்தை (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வை) அப்படியே தின்றுவிடும். கம்பெனி கொடுத்த காஸ்டரே சில டிகிரிதான். அது போனால் வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும். எனவே ஷேக்கிளில் அரை அங்குலம், ஓர் அங்குலத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள். வெறும் இரும்புப் பட்டியில் துளை போட்டுச் செய்த ஷேக்கிளையும் வாங்காதீர்கள். இரண்டு பட்டிக்கும் நடுவே குறுக்குப் பிடிப்பு இருக்க வேண்டும்.

பட்டைக்கும் ஆக்சிலுக்கும் இடையே பிளாக் வைப்பது: பட்டை ஆக்சிலுக்கு மேலே உட்காரும் வண்டிகளில், பின்பக்கத்துக்கு மட்டும், கம்பெனித்தரமான ஒற்றைப் பிளாக் சரி. முன் ஆக்சிலில் வேண்டவே வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது விழும் முறுக்கு விசையில் பிளாக் நழுவினால் ஸ்டியரிங்கே கைவிட்டுப் போகும். பிளாக் மேல் பிளாக் அடுக்குவது தற்கொலைக்குச் சமம்.

ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் பட்டையை மேலே மாற்றுவது: ஆக்சில் குழாயின் கனமும் பட்டைக்கட்டின் கனமும் சேர்ந்து 5 அங்குலம் அளவுக்கு ஒரேயடியாகத் தூக்கிவிடும். போட்டி வண்டிகளில் பார்க்கலாம். கொசஸ்தலை தாண்டித் தோட்டத்துக்குப் போய் வருகிறவருக்கு இது அதிகப்பிரசங்கித்தனம்.

சுருள் ஸ்பிரிங்குக்கு ஸ்பேசர்: 2020-ல் வந்த மஹிந்திரா தாருக்கு நான்கு பக்கமும் சுருள் ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு வளையம் வைத்தால் உயரும். முன்பக்க ஸ்பிரிங், சக்கரத்தைவிட உள்ளே தள்ளி இருப்பதால், வளையத்தின் கனத்தைவிடக் கூடுதலாகவே சக்கரத்தில் உயரம் தெரியும். அந்தக் கூடுதலைத் தாங்க வேண்டியது பால் ஜாயின்ட்டும் டிரைவ் ஷாஃப்ட்டும்.

2010-ன் தார் சி.ஆர்.டி.இ. கதை வேறு. அதன் முன்பக்கம் டார்ஷன் பார் எனும் முறுக்குக் கம்பி. ஒரு போல்ட்டை முறுக்கினாலே வண்டி எழும்பும், செலவே இல்லை. ஆனால் சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடத்தைத்தான் அந்த உயரம் எடுத்துக்கொள்கிறது. அளவு மீறினால் ஒவ்வொரு குழியிலும் முன்பக்கம் ‘டங்’ என்று எகிறும்.

புதிய வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு கணம் யோசிக்கலாம். 2020-ல் வந்த தாரின் தரை இடைவெளி 226 மி.மீ.; முன் ஏறும் கோணம் 41.8 டிகிரி. 2023-ல் இங்கே வந்த மாருதி ஜிம்னிக்கு 210 மி.மீ. செங்கல்பட்டுக்கு அருகே மஹிந்திரா ரிசர்ச் வேலி போன்ற கூடங்களில் எஞ்சினியர்கள் வருடக்கணக்கில் மல்லாடி வந்து சேர்ந்த அளவுகள் இவை. உத்தரவாதக் காலத்தில் அதில் கைவைக்க வலுவான காரணம் வேண்டும்.

அங்குலத்துக்கு அங்குலம் பில்

உயரம் கூடிய மறுநாள்தான் மற்ற பாகங்கள் ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பிக்கும்.

முதலில் ஷாக் அப்சார்பர். வண்டி 50 மி.மீ. எழும்பினால், சக்கரம் பள்ளத்தில் இறங்க ஷாக்கில் மிச்சமிருந்த நீளத்தில் 50 மி.மீ. காலி. பட்டை இன்னும் இறங்கத் தயாராக இருக்கும், ஷாக் விடாது. கடைசியில் ஷாக்கின் கண்ணோ, அதைப் பிடித்த பிராக்கெட்டோ பிய்யும். அதற்கேற்ற நீளமான ஷாக் வாங்க வேண்டும், அல்லது பிராக்கெட்டை முறையாக நீட்ட வேண்டும். ஓசூரில் ஆலை வைத்திருக்கும் கேப்ரியல் போன்ற இந்தியக் கம்பெனிகளின் பட்டியலில், அளவெடுத்துக்கொண்டு போனால், வேறொரு வண்டியின் ஷாக் உங்களுக்குப் பொருந்தக்கூடும். முழுதாக அமுங்கிய நீளம், முழுதாக நீண்ட நீளம், இரு முனையின் பிடிப்பு: இந்த மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது பிரேக் ஹோஸ். சேசிஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் ரப்பர்க் குழாய் அது. சாதாரணமாக நிற்கும்போது தளர்வாகத்தான் தெரியும். வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டால் உண்மை தெரியும். விறைத்து நின்றால் மாற்றியே தீர வேண்டும். பக்கத்துச் சோளிங்கரில் பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலை இருக்கிறது. இந்தப் பக்கத்து மக்களுக்கு பிரேக் பாகம் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் லிஃப்ட் வேலையில் எல்லோரும் மறப்பது இந்த ஒரு குழாயைத்தான்.

மூன்றாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட். வண்டி உயர்ந்தால் ஷாஃப்ட்டின் சாய்வு கூடும். அதன் முனையிலுள்ள கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்ட்) அதிகக் கோணத்தில் சுழலும். 50, 60 வேகத்தில் இருக்கைக்கு அடியில் அதிர்வு வந்தால் கிராஸ் கூப்பிடுகிறது என்று பொருள். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துக் கோணத்தைச் சரிசெய்யலாம். எஃகுத் தகடு வாங்குங்கள். அலுமினியம் நசுங்கி உடையும்.

நான்காவது ஸ்டியரிங். பழைய ஜீப்பில் ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி ஏறத்தாழ கிடையாக இருக்கும்படிதான் வடிவமைத்திருப்பார்கள். உயரம் கூடக்கூட அது சாயும். குழியில் விழும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாக ஒருபக்கம் இழுக்கும். வீல் அலைன்மென்ட் பார்க்காமல் லிஃப்ட் வேலையை முடிந்ததாக எண்ணக் கூடாது.

கடைசியாக, பில்லில் வராத செலவு: கவிழும் ஆபத்து. இரண்டு சக்கரத்துக்கும் இடையேயான அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை வைத்து, வண்டி எவ்வளவு எளிதில் கவிழும் என்பதை அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. மதிப்பிடுகிறது. எண் சிறுத்தால் ஆபத்து பெருக்கும். அகலம் 1.4 மீட்டர், மைய உயரம் 70 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் எண் 1. ஐந்து செ.மீ. தூக்கினால் 0.93. மேலே கேரியரும் அதில் ஸ்டெப்னியும் ஏற்றினால் இன்னும் கீழே போகும். தோட்டத்தில் தெரியாத இந்த வித்தியாசம், திருத்தணிச் சாலையில் திடீரென்று குறுக்கே வரும் பைக்குக்காக ஒடிக்கும்போது தெரியும்.

ஆர்.சி. புத்தகம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் சட்டம் ‘மாற்றம்’ என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை இறுக்கமாகவே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்தது.

உட்கார்ந்த பட்டையைக் கம்பெனி அளவுக்குக் கொண்டுவருவது பழுதுபார்ப்பு. அதில் யாரும் கைவைக்க முடியாது. அதற்குமேல் போகிறவர்கள் திருவள்ளூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நேரத்தில் க்ளெய்மை மறுக்க ஒரு காரணமாகிவிடும். மட்கார்டுக்கு வெளியே துருத்தும் டயரும், வெட்டி வெல்டிங் வைத்த சேசிஸும் எந்தச் சோதனையிலும் முதலில் கண்ணில் படும்.

உயர்த்திய வண்டியை எங்கே ஓட்டுவது என்பதும் சட்டத்துக்குள் வருகிற கேள்விதான். சுற்றியுள்ள குன்றுகளில் காப்புக்காடு உண்டு. அனுமதியின்றி அதற்குள் வண்டியை விடுவது தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றம். ஆஃப்ரோடு ஓட்டிப் பார்க்க ஆசை என்றால் சென்னையின் டெர்ரா டைகர்ஸ் போன்ற குழுக்கள் நடத்தும் நிகழ்ச்சிகளுக்குப் போகலாம். அவர்கள் நடத்திய ‘பாலாறு சேலஞ்ச்’ ஆஃப்ரோடு வட்டாரத்தில் பேர்பெற்றது. அங்கே போனால் இன்னொன்றும் புரியும். சாதாரண உயரத்தில் வந்த வண்டி, நல்ல டயரும் பழகிய கையும் இருந்தால், உயரமான வண்டி திணறும் இடத்தைத் தாண்டிப் போகும்.

வேலைக்கு விடும் முன் மேஸ்திரியிடம் கேளுங்கள்

• கேம்பர் குளிர அடிப்பீர்களா, சூடு காட்டியா? ‘சூடு’ என்றால் அடுத்த பட்டறை.

• யு போல்ட், சென்டர் போல்ட், புஷ் எல்லாம் புதிதா? விலையில் சேர்ந்ததா, தனியா?

• இரண்டு பக்கத்துக் கட்டையும் ஒன்றாகப் பார்ப்பீர்களா? ஒருபக்கம் மட்டும் செய்தால் சாய்வு பக்கம் மாறுமே தவிரத் தீராது.

• சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸையும் ஷாக்கையும் என் கண்முன்னால் காட்டுவீர்களா?

• வேலைக்கு முன்னும் பின்னும் நான்கு மூலை அளவை பில்லில் எழுதித் தருவீர்களா?

• சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி இறுக்கித் தருவது கூலியில் அடங்குமா?

பணத்தை எந்த வரிசையில் போடுவது?

கையில் இருப்பது கொஞ்சம் பணம்தான் என்று வைத்துக்கொள்வோம். முதல் ரூபாய் டயருக்கு: தேய்ந்த டயரை மாற்றுவதே சில மில்லிமீட்டர் உயரமும் நிறையப் பிடிமானமும் தரும். இரண்டாவது பட்டைக்கட்டுக்கு: பிரித்துச் சுத்தம் செய்து, கேம்பர் அடித்து, புஷ்ஷும் யு போல்ட்டும் மாற்றிப் பூட்டுவது. மூன்றாவது ஷாக் அப்சார்பருக்கு. நான்காவது டிஃபரன்ஷியலுக்கும் கியர்பாக்ஸ் அடிப்பாகத்துக்கும் கனமான தகட்டில் ஒரு காப்புத் தட்டு. உரசினால் உரசட்டும், உடையக் கூடாது என்கிற ஏற்பாடு அது. பல தோட்டப் பாதைகளில் இரண்டு அங்குல லிஃப்ட்டைவிடப் பயனுள்ளது.

இந்த நான்கும் முடிந்த பிறகும் நடுவயிறு தட்டுகிறதென்றால் ஐந்தாவதாக லிஃப்ட்டுக்கு வாருங்கள். அப்போதும் ஒன்றரை, இரண்டு அங்குலத்தில் நில்லுங்கள். ஷாக், ஹோஸ், அலைன்மென்ட் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். வெறும் ஷேக்கிள் விலையைக் கேட்டு ‘மலிவு’ என்று இறங்கியவர்கள்தான் ஆறு மாதம் கழித்து கிராஸுக்கும் டயருக்கும் இரட்டிப்பாகக் கொடுக்கிறார்கள்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கி, டயர் மொட்டையாகவும் பிரேக் அரைகுறையாகவும் இருக்கும் வண்டியில் கிட்டைப் பூட்டினால், படம் எடுக்க நன்றாக இருக்கும். வரப்பு ஏறி, கரும்பு ஏற்றி, இருட்டுவதற்குள் வீடு வந்து சேர வேண்டிய வண்டிக்கு இந்த வரிசைதான் சரி.